தேதி போன ஜூஸ் டப்பா

சிப்ஸ்காரருக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. சமையலறை அலமாரியில் மனைவி எதையாவது புதிதாக வாங்கி வைத்தால், மறுநாள் காலையில் அது பின்வரிசைக்குப் போயிருக்கும். பழையது முன்னால் வந்து நிற்கும். பேர் எழுதிய பக்கம் எல்லாம் ஆளைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

"இது வீடா, கடையா? உங்க மேனேஜர் வந்து போட்டோ எடுக்கப் போறாரா?" என்று அவள் கேட்பாள்.

"பழசு முன்னாடி நிக்கணும்மா. அதுதான் முறை."

"அப்போ உங்களைத்தான் முதல்ல கொண்டுபோய் வாசல்ல நிறுத்தணும். இந்த வீட்டுல உங்களைவிடப் பழசு எதுவும் இல்ல."

அவர் சிரித்துக்கொள்வார். கோபம் என்பது அவருக்குக் கடவுள் கொடுக்க மறந்த சரக்கு. அந்த மறதிக்காக அவள் தினமும் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் வேலை பார்ப்பது உலகம் முழுக்கக் கிளை விட்டிருக்கிற ஒரு பெரிய கம்பெனியில். உருளைக்கிழங்கு சிப்ஸ், சோள நொறுக்கு, கறுப்பு சோடா, ஆரஞ்சு சோடா, டப்பாவில் அடைத்த ஜூஸ், கடைசியில் வெறும் தண்ணீர் பாட்டில் வரைக்கும் எல்லாம் அந்தக் கம்பெனி பேரில்தான் வரும். முதலில் குடோனில் பெட்டி தூக்கினார். பிறகு வேனில் ஏறிக் கடை கடையாகச் சரக்கு போடும் வேலை கிடைத்தது. இத்தனையும் கொண்டு வந்து போட்டாலும் தெருவுக்கு அவர் சிப்ஸ்காரர்தான். சோடாக்காரர் என்று ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை.

காலையில் சரக்கு ஏற்றி முடித்ததும் வேனின் பின்கதவைச் சாத்தி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "கடவுளே, இன்னைக்கு என்னால யார் மனசும் நோகக் கூடாது. பொய் சொல்ல வேண்டிய இடத்துல என்னைக் கொண்டுபோய் நிறுத்தாதே." இதுதான் அவருடைய வேண்டுதல். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு முன்னாலிருந்து எட்டிப் பார்ப்பான்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லி முடிங்க. அவருக்கு நேரம் இருக்கு, நமக்கு டீசல் எரியுது."

பொய் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். அது நல்ல குணம்தான். ஆனால் அந்த நல்ல குணத்துக்குத் தெருவில் காட்டிக்கொடுக்கிற குணம் என்று வேறு ஒரு பேர் இருந்தது. அதற்குக் காரணம் ஃபிரிட்ஜ்.

கம்பெனி தன் சரக்கை விற்கிற கடைகளுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயர ஃபிரிட்ஜ் ஒன்றைச் சும்மா கொடுக்கும். ரிப்பேர் ஆனாலும் அவர்களே வந்து பார்ப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அதற்குள் கம்பெனிச் சரக்கைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. கடைக்காரர் குடிக்கிற தண்ணீர்கூட வேறு பாட்டிலில் இருக்கக் கூடாது. எந்தத் தேசத்திலோ உட்கார்ந்து யாரோ போட்ட விதி. ஆனால் இந்தத் தெருவரைக்கும் அது வந்து சேர்ந்திருந்தது. திடீர் திடீரென்று மேனேஜரோ வேறு யாரோ வந்து கதவைத் திறந்து போட்டோ எடுப்பார்கள். வேறு பொருள் இருந்தால் லாரி வந்து ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒருமுறை அப்படி ஒரு கடையில் சோதனை நடந்தபோது உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. "இது யாரோடது?" என்று கேட்டார்கள். "என்னோடதுதான் சார், இப்பத்தான் வச்சேன்" என்று சிப்ஸ்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடைக்காரரும் கண்ணால் கெஞ்சிப் பார்த்தார். இவரோ, "கடைக்காரரோடதுதான் சார். நானும் சொல்லிப் பார்த்துட்டேன், அவர் கேக்கல" என்று அப்படியே ஒப்பித்துவிட்டார். மறுநாள் லாரி வந்தது. அன்றிலிருந்து அவருடைய வேன் சத்தம் முனையில் கேட்டதுமே கடைகளில் பாலும் முட்டையும் ஃபிரிட்ஜைவிட்டு அவசரமாக இறங்கி ஓடும். அவர் வரும்போது எல்லாக் கடையும் கழுவித் துடைத்ததுபோல இருக்கும். நம் பாதையில் மட்டும் எல்லாரும் எவ்வளவு ஒழுங்கு என்று அவர் மனம் நிறைந்து போவார்.

தெருமுனையில் ஒரு கடை. முனைக்கடை அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பெண்தான் அதை நடத்துகிறாள். சிப்ஸ்காரரை அண்ணே என்பாள். கூடப் பிறந்த அண்ணனுக்குக்கூட அவ்வளவு இழுத்துச் சொல்லமாட்டாள். எதிரே பஸ் நிற்கும் இடம். வெயில் ஏறினால் இறங்குகிற கூட்டம் நேராக அவள் ஃபிரிட்ஜுக்குத்தான் வரும். ஒரு சோடா வாங்குகிறவர் கூடவே ஒரு சோப்பும் வாங்குவார். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் சோப்பும் இல்லை. அந்த ஃபிரிட்ஜ்தான் கடை என்றே சொல்லலாம்.

ஒருநாள் அவள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கல்லாவில் அவள் கணவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிப்ஸ்காரர் கண்ணாடியைத் துடைத்தார். பழையதை முன்னால் இழுத்தார். புதியதைப் பின்னால் அடுக்கினார். கீழ்த்தட்டின் மூலையில், வரிசையில் சேராமல் ஒரு பெரிய ஜூஸ் டப்பா தனியாக நின்றது. எடுத்துப் பார்த்தால் தேதி எப்போதோ போய்விட்டது.

"என்ன மாப்பிள்ளை, தேதி போன சரக்கு உள்ள நிக்குதே! யாராவது குடிச்சுட்டா என்ன ஆகும்?"

"எடுத்துட்டுப் போங்க மச்சான்" என்றார் அவர், போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

டப்பா திரும்பப் போகிற சரக்குப் பெட்டியில் ஏறியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவர் அடுத்த கடைக்குப் போனார்.

பகல் சாய்கிற நேரம். வேன் குடோனுக்குத் திரும்பி, சரக்கெல்லாம் இறக்கியாகிவிட்டது. அவர் டீயைக் கையில் எடுத்தார். போன் அடித்தது.

"அண்ணே…" முனைக்கடை அக்காவின் குரல் உடைந்திருந்தது. "மூலையில இருந்த ஜூஸ் டப்பாவை எடுத்தீங்களா?"

"ஆமாம்மா. தேதி போயிருந்தது."

"அது ஜூஸ் இல்லண்ணே. மாடித் தையல்காரம்மாவோட இன்சுலின். சர்க்கரை ஊசி மருந்து. வெட்டுன டப்பாக்குள்ள வச்சு ஒட்டியிருந்தேன். கரண்ட் போனாலும் குளிர்ச்சி நிக்கட்டும்னு சுத்தி தண்ணிப் பொட்டலம் வேற வச்சிருந்தேன்."

 அந்தக் கனம் ஜூஸின் கனம் என்றல்லவா சிப்ஸ்காரர் நினைத்துவிட்டார்.

தையல்காரம்மாவை அவருக்குத் தெரியும். அக்கா கடைக்கு மேலே தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் தனியாக இருப்பவர். பகலில் அந்த அறை அடுப்புபோலக் காயும். தர்ம ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற மருந்து அது. தொலைந்துபோனது என்றால் அவ்வளவு சுலபத்தில் மறுபடி தரமாட்டார்கள். வெளியில் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகாது. சாயந்தரச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாக வேண்டும்.

"அழாதம்மா, கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

குடோனுக்குப் பின்னால் ஒரு முற்றம். தேதி போன ஜூஸை அங்கேதான் கத்தியால் கீறிச் சாக்கடையில் கொட்டுவார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் எதையும் கொட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவில் ஒரு டப்பா கீறிய வயிற்றோடு கிடந்தது. கத்திக்காரர் பாம்பைக் கண்டவர்போல இரண்டடி தள்ளி நின்றார். பக்கத்தில் மேனேஜர். வயதில் சின்னவர், நல்ல பிள்ளை. இப்போது முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும் தொடாதீங்க! நம்ம ஜூஸ் டப்பாக்குள்ள மருந்து சீசா! வெளியில தெரிஞ்சா அவ்வளவுதான். கம்பெனி பேரே நாறிடும்." மேனேஜர் போனைக் கையில் எடுத்தார். "மேலிடத்துக்குச் சொல்லி இந்தச் சரக்கு மொத்தத்தையும் நிறுத்தணும். டப்பாவை அப்படியே சீல் வச்சு சோதனைச் சாலைக்கு அனுப்பணும்."

சிப்ஸ்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். வாயைத் திறந்தால் அக்காவின் ஃபிரிட்ஜ் போகும். திறக்காவிட்டால் டப்பா சீல் வைத்துப் போய்விடும், தையல்காரம்மாவின் கதி என்னவாகும்? பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தாதே என்றுதான் இத்தனை காலம் வேண்டியிருக்கிறார். உண்மை சொல்ல இவ்வளவு கசக்கும் ஒரு இடம் வரும் என்று நினைத்ததே இல்லை. 'கடவுளே, நீயே பாத்துக்கோ' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு முன்னால் போனார்.

"சார், போன் பண்ணாதீங்க. அது கம்பெனியில இருந்து வரல. முனைக்கடையில இருந்து வந்தது. நான்தான் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டே வந்து, பக்கத்தில் கவிழ்த்திருந்த பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரிதாக மூச்சு விட்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்திக்காரரும் சிரித்தார்.

"நான் குத்துன குத்துல சீசா உடையாம இருக்கே, அதைச் சொல்லுங்க" என்றார் கத்திக்காரர்.

சிரித்து ஓய்ந்ததும் மேனேஜர் மேனேஜர் ஆகிவிட்டார். "அப்போ ஃபிரிட்ஜ்ல வேற பொருள் வச்சிருக்காங்க."

"ஆமா சார்."

"விதி அவங்களுக்குத் தெரியும்ல?"

"நான்தானே சார் சொல்லிக் கொடுத்தேன். நல்லாத் தெரியும்." அப்போதும் அவரால் ஒரு சொல்லைக் குறைக்க முடியவில்லை. ஆனால் இந்தமுறை அதோடு நிறுத்தவும் முடியவில்லை. "சார், அந்தப் பொண்ணு தன் வியாபாரத்துக்காக வைக்கல. மேல் வீட்டு அம்மா உசிரோட இருக்கணும்னு வச்சிருக்கு. நம்ம பேரைக் கெடுக்கவும் இல்ல, நம்ம டப்பாலதான் வச்சிருக்கு, பேர் எழுதுன பக்கம் முன்னாடி பாத்து நின்னுச்சு. தப்புன்னா தப்புதான். ஆனா போன தடவை சாப்பாட்டு டப்பாவுக்கு உண்மையை மட்டும் சொல்லிட்டு நின்னுட்டேன். இந்தத் தடவை கேக்கவும் கேக்குறேன். ஃபிரிட்ஜை எடுக்காதீங்க சார்."

இத்தனை காலத்தில் அவர் யாருக்காகவும் எதுவும் கேட்டதில்லை. மேனேஜர் அவரையே பார்த்தார்.

"எச்சரிக்கையோட விடுறேன். ஆனா நாளைக்குக் காலையில நானே வந்து கதவைத் திறப்பேன். நம்ம சரக்கைத் தவிர ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாலும் லாரி வந்துடும். மருந்தும் அங்க இருக்கக் கூடாது. சரியா?"

"சரி சார்."

"போங்க, அந்தம்மா காத்துட்டு இருப்பாங்க. ஐஸ் எடுத்துக்கங்க."

டிரைவர் வண்டியை விரட்டினான். மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சிப்ஸ்காரரைப் பார்த்து, "குழந்தையை வச்சிருக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றான். "ரோட்டைப் பாரு" என்றார் அவர்.

கடை வாசலில் பெஞ்சில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மருந்தை வாங்கி ஒவ்வொரு சீசாவாகத் தொட்டுப் பார்த்தார். "குளிர்ச்சி இன்னும் இருக்கு. வெயில்ல காயாம இருந்தா ஒரு பகல் தாங்கும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு சிப்ஸ்காரரை நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, என் மருந்துக்குத் தேதி இன்னும் இருக்கு. டப்பாவுக்குத் தேதி போச்சுன்னு என்னையும் சேர்த்து அனுப்பி வச்சிருப்பீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரம்மா ஊசி போட்டுக்கொள்ள மாடி ஏறிப் போனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தங்கச்சி?" என்று சிப்ஸ்காரர் அக்காவிடம் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்ணே. யாராவது கேட்டா நீங்க மறைக்க மாட்டீங்க. மறைக்கச் சொல்லவும் எனக்கு மனசு வராது. அதனாலதான் சொல்லல. நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவுல யாருமே உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டோம்."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தா அவராவது என்னைத் தடுத்திருப்பாரே."

"அவர்கிட்டயா? பஸ்ல வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"இங்கதான் நிக்கிறேன்" என்றார் கணவர் கல்லாவிலிருந்து.

சிப்ஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். நாம் பார்த்துப் பூரித்த ஒழுங்கெல்லாம் நம்மைக் கண்டு ஒளிந்துகொண்ட ஒழுங்குதானா என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. நெஞ்சில் முள் குத்தியதுபோல இருந்தது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. விடிந்தால் மேனேஜர் வருவார்.

"பக்கத்து பேக்கரியில பெரிய ஃபிரிட்ஜ் இருக்கே. அவர் சொந்தக் காசுல வாங்கினது, யாரும் கேள்வி கேக்க முடியாது. அவர்கிட்ட கேட்டா என்ன?"

அக்காவின் முகம் சுருங்கியது. "அந்த ஆள்கிட்ட நான் பேசறதில்ல. அவரும் பேசறதில்ல."

"என்ன சண்டை?"

"அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டாள்.

சிப்ஸ்காரர் பக்கத்துக் கடைக்குப் போய்க் கூப்பிட்டதும் பேக்கரிக்காரர் கையில் மாவோடு வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். சிப்ஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தையல்காரம்மாவுக்கா? என் மகளோட துணியெல்லாம் அவங்க தச்சதுதான். என்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா வெண்ணெய்க்குப் பக்கத்துல வச்சிருப்பேன். கேக்கலையே! அந்தக் கடைக்காரி என் முகத்தைப் பார்த்தே பல மாசம் ஆச்சு."

"அப்படி என்னதான் சண்டை?"

பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"உங்க வேன்தாங்க! அவங்க கடைக்குச் சரக்கு போட வர்றீங்க, வண்டியை என் கண்ணாடிக்கு நேரா நிறுத்துறீங்க. கேக்கெல்லாம் உள்ள அழகா உக்காந்திருக்கும், வெளியில பார்த்தா உங்க வேன்ல வரைஞ்ச சிப்ஸ்தான் தெரியும். நான் போய், 'உன் சரக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லு'ன்னேன். அவங்க, 'அண்ணனை நான் எப்படி விரட்டுவேன், நல்ல மனுஷன்'னு சண்டைக்கு வந்துட்டாங்க."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே!"

"அதைத்தான் நானும் நினைச்சேன். ஆனா உங்களைப் பார்த்தா சொல்ல வாய் வர மாட்டேங்குது. வணக்கம் வச்சுட்டு அப்படியே நின்னுடுவேன்."

சிப்ஸ்காரருக்கு ஒரே நாளில் இரண்டாவது குட்டு. ஆனால் இது வலிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கடைக்கு நடுவே சுவர்போல நின்றது தன் வண்டிதானா என்று அவர் திரும்பிப் பார்த்தார். அப்போதும் அது அங்கேதான், கேக்குகளை மறைத்துக்கொண்டு நின்றிருந்தது.

"தம்பி!" என்று டிரைவரைக் கூப்பிட்டார். "வண்டியை எடு. இனிமே அந்த மரத்துக்கிட்ட நிறுத்து."

"மரத்துக்கிட்டயா? அங்கிருந்து பெட்டியெல்லாம் யார் தூக்குறது?"

"நீயும் நானும்தான்."

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார். வண்டி நகர்ந்ததும் வெயில் அவர் கண்ணாடியில் வந்து விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முனைக்கடைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, மருந்தைக் குடுத்தனுப்பு. என் கடை விடியக்காலையில திறந்துடும், ராத்திரி வரைக்கும் ஆள் இருக்கும். எந்த நேரமும் வந்து எடுத்துக்கலாம்" என்றார்.  அக்காவே ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் கையோடு திரும்பவில்லை, கண்ணாடிக்குள் இருந்த கேக்கைப் பார்த்து, "இது எப்ப போட்டது? நேத்து போட்டதை முன்னாடி வைங்க" என்றாள். "பாருங்க, சிப்ஸ்காரர் புத்தி இவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

மறுநாள் மேனேஜர் வந்தார். கதவைத் திறந்தார், கீழ்த்தட்டுவரை குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். வேறு ஒன்றும் இல்லை. ஒரு ஆரஞ்சு சோடாவைத் தானே எடுத்துக் குடித்தார். அக்கா காசு வேண்டாம் என்றதற்கு, "அது வேற விதி" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சிப்ஸ்காரர் தன் வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். யார் மனசும் நோகக் கூடாது என்பது அப்படியே இருந்தது. பொய் சொல்லும் இடத்தைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, "என்கிட்ட வந்து சொல்ல யாரும் பயப்படக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார். அதற்காகத் தானும் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு கடையிலும் ஃபிரிட்ஜுக்குப் போகும் முன்னால், "ஏதாவது கஷ்டம் இருந்தா முதல்ல சொல்லுங்க, வழி இருக்கான்னு சேர்ந்து யோசிப்போம்" என்பார். முதலில் எல்லாரும் மிரண்டார்கள். பிறகு ஒருத்தர் தன் பாலைப் பற்றிச் சொன்னார், இன்னொருத்தர் முட்டையைப் பற்றி. சிலதுக்கு வழி கிடைத்தது. கிடைக்காததுக்கு, "வேண்டாம்பா, எடுத்துடு, கேட்டா நான் சொல்லிடுவேன்" என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள்.

மரத்தடியிலிருந்து முனைக்கடை வரைக்கும் பெட்டி தூக்குவதில் அவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்கிறது. டிரைவர் தினமும் முணுமுணுப்பான்.

"அண்ணே, அந்தப் பேக்கரிக்காரர் உங்ககிட்ட இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"ஏன்டா, தினமும் உனக்கு ஒரு பன் குடுக்குறாரே, அதை ஏன் சொல்ல மாட்டேங்குற?"

டிரைவர் வாயில் பன்னோடு அவரைத் திரும்பிப் பார்த்தான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரே சொன்னார்" என்றார் சிப்ஸ்காரர். பெட்டியைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.